வயது போனவருக்கு அக்கி வந்தால்: முதல் 72 மணித்தியாலமும் அதற்குப் பிறகும்

அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு உடம்பின் ஒருபக்கத்தில் மட்டும் எரிவும் குத்தும் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் தோல் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்தால் அது பெரும்பாலும் அக்கி. கொப்புளம் கண்ட நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் வைரசுக்கு எதிரான குளிசை தொடங்க வேண்டும். வன்னிக் கிராமங்களில் பலருக்கு அந்த மூன்று நாளும் வீட்டிலேயே போய்விடுகிறது. பூச்சி கடித்தது என்று ஒரு நாள், அம்மாள் வருத்தம் என்று ஒரு நாள், கிளினிக் திங்கட்கிழமைதானே என்று மிச்ச நாள். அக்கிக்குக் கிளினிக் நாள் பார்க்கத் தேவையில்லை. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளிலோ உங்களுக்குக் கிட்டிய பிரதேச வைத்தியசாலையிலோ அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம்.

உள்ளே இருந்ததுதான் எழும்புகிறது

அக்கி வெளியிலிருந்து புதிதாகத் தொற்றும் நோயல்ல. எப்போதோ வந்து மாறிய கொப்புளிப்பானின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பின் ஓரமாக இருக்கும் நரம்பு முடிச்சுகளிலும் முகத்து நரம்பின் முடிச்சிலும் பல பத்தாண்டுகள் ஓசையின்றிக் கிடக்கும். இதை 1965 இல் தெளிவாக எடுத்து வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தின் ஒரு சிறுபட்டணத்தில் இருந்த குடும்ப வைத்தியர். தன்னிடம் வந்த நோயாளரை ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்தே அவர் அந்த முடிவுக்கு வந்தார். வன்னியில் இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களில் சிலருக்குச் சிறுவயதிலும், சிலருக்கு இடம்பெயர்ந்த காலத்திலும் கொப்புளிப்பான் வந்திருக்கும். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் அது பரவியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வந்த வைரஸ் இன்றும் அவர்களுக்குள் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் வயது போன பிறகு எழும்புகிறது? அந்த வைரசை அமுக்கி வைப்பது இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள் அல்ல, அதற்கென்றே பழகிய ரி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள். எழுபது வயதிலும் கொப்புளிப்பானுக்கான எதிர்ப்பொருள் நன்றாகவே இருக்கும். குறைந்து போவது ரி கலத்தின் வலு. புதிய ரி கலங்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி நெஞ்செலும்பின் பின்னால் இருக்கிறது. இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். ஆகவே புதிய கிருமியை எதிர்கொள்ளப் புதிய கலங்கள் குறைவாகவே வரும். உடல் பழைய கலங்களையே பெருக்கிக் காலம் ஓட்டும்.

இங்கேதான் இன்னொரு வைரஸ் குறுக்கே வருகிறது: சைற்றோமெகலோ வைரஸ். தாய்ப்பால், எச்சில் வழியாகக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றும். எங்கள் பகுதி நாடுகளில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரிடம் இருக்கும். பெரும்பாலானோருக்கு அது வந்ததே தெரியாது. ஆனால் அக்கி வைரசைப் போல முழுநேரமும் உறங்காமல் அடிக்கடி தலை தூக்கும், ஒவ்வொரு முறையும் அதற்கெதிரான ரி கலங்கள் பெருகும். தொற்றுள்ள ஒருவரின் நினைவு ரி கலங்களில், அதாவது முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் கலங்களில், சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு வைரசுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். சில முதியவர்களில், வைரஸ் புகுந்த கலங்களைக் கொல்லும் சிடி8 வகை ரி கலங்களில் இது கால் பங்கையும் தாண்டும். யானைக் காவலுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊரில், தினமும் ஒரே மூலையில் வேலி அசைகிறதென்று மூன்று பேர் அங்கேயே நின்றுவிடுவது போன்றது இது. சுவீடனின் ஜோன்ஷோப்பிங்கில் 85 வயதைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மற்றக் கலங்களை வழிநடத்தும் சிடி4 வகை ரி கலத்தைவிட சிடி8 கலம் கூடியிருந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் கூடுதலாக இறந்தார்கள். அந்த நிலைக்கும் இந்த வைரசுக்கும் நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. ஆனால் எல்லாப் பழியையும் இதன்மேல் போடுவது சரியில்லை. இளையவர்களில் இதே வைரஸ் மற்றத் தொற்றுக்கான எதிர்ப்பைச் சற்றுக் கூட்டுவதாகவும் ஆய்வு உண்டு.

இதில் நடைமுறைக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, நல்ல நலத்தோடு இருக்கும் முதியவருக்குச் சைற்றோமெகலோ வைரஸ் பரிசோதனை செய்யக் காசு செலவழிக்க வேண்டாம். இருக்கிறது என்றுதான் வரும், அதற்கு மருந்தும் கொடுக்க மாட்டார்கள். மற்றது, எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று விற்கும் மா, சிரப், குளிசை எதுவும் தைமஸ் சுரப்பியைத் திருப்பித் தராது. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

அக்கிதானா என்று பார்ப்பது

முதலில் நோ வரும், பிறகுதான் தோலில் தெரியும். இடையில் ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆகலாம். அந்த நாட்களில் நெஞ்சில் வந்தால் மாரடைப்பு என்றும், விலாவில் வந்தால் சிறுநீரகக் கல் என்றும், இடுப்பில் வந்தால் நாரிப் பிடிப்பு என்றும் நினைப்பது இயல்பு. நெஞ்சு நோவை மட்டும் அக்கி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஈசிஜி எடுத்து இதயம் அல்ல என்று தெரிந்த பிறகுதான் மற்றது.

சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில், முதுகெலும்பிலிருந்து முன்பக்கம் வரை பாருங்கள். அக்கி உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. முதுகெலும்பில் தொடங்கி விலா வழியாகப் பட்டியாக முன்னே வரும். துணி பட்டாலே எரியும். வெளிச்சத்துக்கு வரும் சிறு வண்டு நசிந்து வரும் எரிகாயம் இதுபோலத் தோன்றும். ஆனால் அது கோடாக இழுபட்டிருக்கும், கை மடிப்பில் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் பதிந்திருக்கும், அதற்கு முன் நாட்களில் நோ இருந்திருக்காது. இரண்டு பக்கமும், முகம், கைகால் என்று எங்கும் சிதறிக் கொப்புளம் இருந்தால் அது கொப்புளிப்பானாக இருக்கலாம், அல்லது உடம்பெங்கும் பரவிய அக்கியாக இருக்கலாம். முதியவரில் இரண்டுமே பாரதூரமானவை.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் 72 மணித்தியாலக் கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். இரவென்றால் 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

- நெற்றி, இமை, மூக்கில் கொப்புளம். மூக்கு நுனியில் ஒன்று வந்தாலே கண்ணுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நரம்புக் கிளை. கண் சிவக்கும் வரை காத்திருந்தால் பார்வை போகலாம்.
- காதில் கொப்புளத்தோடு முகம் ஒருபக்கம் இழுபடுவது, தலைசுற்று, காது கேளாமை.
- முதல் பட்டிக்கு வெளியே இருபதுக்கு மேல் கொப்புளம்.
- தடுமாற்றப் பேச்சு, மயக்கம், கடும் தலையிடி, கழுத்து விறைப்பு.
- சிறுநீர் போகாமல் அடைப்பது. இடுப்புக்குக் கீழ் வரும் அக்கியில் இது நடக்கும்.
- புற்றுநோய் மருந்து எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், நீண்டநாள் பிரெட்னிசோலோன் (எதிர்ப்பை அடக்கும் ஸ்ரெரொயிட் குளிசை) எடுப்பவர்.

குளிசை: அளவும் சிறுநீரகமும்

மேலே சொன்ன வைரசுக்கு எதிரான குளிசை அசிக்ளோவிர். வளர்ந்தவருக்கு அக்கிக்கான அதன் அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்தால் நித்திரை குழம்பாது. 800 மில்லிகிராம் குளிசையென்றால் மொத்தம் 35. 400 என்றால் ஒரு தடவைக்கு இரண்டு, மொத்தம் 70. 200 என்றால் ஒரு தடவைக்கு நான்கு, மொத்தம் 140. இங்கேதான் அடிக்கடி பிழை நடக்கிறது. உதட்டுக் கொப்புளத்துக்கு 200 மில்லிகிராம் ஐந்து தடவை கொடுக்கும் வழக்கம் உண்டு, அந்த அளவு அக்கிக்குப் போதாது. கையில் வாங்கியதும் பெட்டியில் எழுதிய மில்லிகிராமையும் துண்டில் எழுதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அசிக்ளோவிர் கிறீம் பூசுவது இந்தக் குளிசைக்கு ஈடாகாது. நரம்பில் இருக்கும் வைரசைத் தோலில் பூசும் மருந்து எட்டாது.

ஒரு தடவை மறந்தால் நினைவு வந்ததும் எடுக்கலாம், அடுத்த தடவை இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. மூன்று நாள் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமலும் இருக்காதீர்கள். புதிய கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால், அல்லது கண்ணருகே என்றால், பிந்தியும் தொடங்குவார்கள்.

இனிச் சொல்வது வன்னிக்கு மிக முக்கியம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் உண்டு. சலரோகமும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்தவர்கள் எங்கும் உண்டு. அசிக்ளோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு முழு அளவு கொடுத்தால் மருந்து இரத்தத்தில் தேங்கி, இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், இல்லாததைக் காண்பது, ஆளை அடையாளம் தெரியாமை தொடங்கும். வீட்டார் இதை வயதின் குழப்பம் என்றோ வேறு ஏதோ பிடித்தது என்றோ எடுத்துக்கொள்வார்கள். குளிசையை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது.

ஆகவே கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், கடைசியாகப் பார்த்த கிரியேற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவை வைத்தியருக்குக் காட்டுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று மதிப்பிடும் கணக்கு இப்படி: 140 இலிருந்து வயதைக் கழித்து, கிலோவில் நிறையால் பெருக்கி, 72 ஆல் பெருக்கிய கிரியேற்றினினால் வகுக்க வேண்டும். பெண்ணென்றால் விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். 72 வயது, 45 கிலோ அம்மா ஒருவருக்குக் கிரியேற்றினின் டெசிலீற்றருக்கு 1.8 மில்லிகிராம் என்று வைப்போம். 68 ஐ 45 ஆல் பெருக்கினால் 3060. 72 ஐ 1.8 ஆல் பெருக்கினால் 129.6. வகுத்தால் 23.6, 0.85 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20. 1.8 என்ற எண் பார்வைக்குச் சிறியது, ஆனால் இந்த அம்மாவுக்கு 800 மில்லிகிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு மூன்று தடவைதான். விடை 10 க்கும் கீழே போனால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அறிக்கையில் மைக்ரோமோல் என்று இருந்தால் 88.4 ஆல் வகுத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும். அளவை மாற்றுவது வைத்தியர்தான். நீங்கள் செய்ய வேண்டியது அந்த எண் அவர் கண்ணில் படச் செய்வது.

குளிசை எடுக்கும் ஏழு நாளும் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் பளிங்காகப் படியும். இதய வருத்தத்துக்கோ டயலிசிசுக்கோ தண்ணீர் அளவு கட்டியிருந்தால் அந்த அளவை மீறாமல், குளிசை தரும்போதே கேட்டுத் தெளியுங்கள்.

நோவுக்கும் புண்ணுக்கும்

டைக்ளோபெனக், ஐபுபுரோபன் இரண்டும் வேண்டாம். சிறுநீரகத்தில் அசிக்ளோவிரோடு சேர்ந்து இடிக்கும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒவ்வொன்றாக, நாளுக்கு ஐந்து போதும். சாராயம் பழக்கமுள்ளவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதற்கும் குறைவாக, வைத்தியரைக் கேட்டு.

எரிவுக்குப் பரசிற்றமோல் போதாமல் போவது வழக்கம், ஏனென்றால் நோ தோலில் இல்லை, நரம்பில். அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம் இரவில் தருவார்கள், அல்லது கபாபென்ரின். இரண்டும் தலையைச் சுற்ற வைக்கும். கபாபென்ரினுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு குறைக்க வேண்டும். மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கும் வீடுகளில் முதியவர் இருட்டில் எழும்பி நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது அக்கியைவிடப் பெரிய கேடு. குளிசை தொடங்கிய முதல் இரண்டு வாரம் கட்டிலருகே வாளியும் ரோர்ச்சும் வையுங்கள், அல்லது யாரும் பக்கத்தில் படுங்கள். புரொஸ்டேற் வீக்கம் உள்ள ஆண்களுக்கு அமிற்றிப்ரிலின் சிறுநீரை அடைக்கும். அழுத்தக் கண்நோய் உள்ளவரும் சொல்லிவிட வேண்டும்.

புண்ணைத் தினமும் கழுவலாம், குளிக்கலாம். கொதித்து ஆறிய நீர், மென்மையான சவர்க்காரம், தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவது. எரிவு கூடினால் அதே நீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியை 15 முதல் 20 நிமிடம் போட்டு எடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பிறகு மெல்லியதாக வெள்ளை வாசலின் பூசி ஒட்டாத துணியால் மூடுங்கள். இலையான் மொய்க்காமலும் தூசி படாமலும் இருக்க மூடுவது அவசியம். வேப்பிலை வாசலில் கட்டுவதாலோ அம்மாளுக்கு நேர்த்தி வைப்பதாலோ ஒரு கேடும் இல்லை, மனத்துக்கு ஆறுதல். அரைத்த இலை, சாம்பல், சுண்ணாம்பு, சூடான எண்ணெய், பற்பசை இவற்றைத் திறந்த கொப்புளத்தில் வைப்பதுதான் கேடு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு சிவப்புப் பரவி, சீழும் மணமும் வந்து, காய்ச்சல் எழும்பினால் பக்ரீரியா புகுந்துவிட்டது என்று பொருள். சலரோகக்காரருக்கு இது விரைவில் ஆழமாகப் போகும்.

அம்மாள் வருத்தம் என்று மச்சத்தை முழுதாக நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுப்பதும் முதியவரை வீழ்த்தும். மச்சம் வேண்டாம் என்றால் பயறு, கௌபி, பருப்பு, உழுந்து, தயிர் கொடுங்கள்.

பொருக்குத் தட்டி மூன்று மாதமாகியும் எரிவு போகாவிட்டால் அது நரம்பு நோவாக நின்றுவிட்டது. வயது கூடக் கூட இதற்கான வாய்ப்புக் கூடும். மாறாது என்று விடாமல் மருத்துவக் கிளினிக்குக்குப் போங்கள், மருந்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பார்கள். இன்னொன்று: அக்கிக்குப் பிறகு முதல் சில வாரங்களில் பாரிசவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்புச் சற்று உயரும். பிரஷர், சீனிக் குளிசைகளை இந்த நேரத்தில் ஒருநாளும் விடக் கூடாது.

வீட்டில் மற்றவர்கள்

அக்கிக்காரரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், கொப்புளிப்பான் வராதவருக்குக் கொப்புளிப்பான் வரும். வெப்ப நாடுகளில் கொப்புளிப்பான் பிந்திய வயதில் வருவதால், வளர்ந்தவர்களிலும் வராதவர்கள் எங்களிடம் கணிசம். கர்ப்பிணி மருமகள், பிறந்த குழந்தை, புற்றுநோய் மருந்து எடுப்பவர் இவர்கள் எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை, ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள், அருகில் படுக்கவோ துணி துவைக்கவோ வேண்டாம். கர்ப்பிணி ஏற்கெனவே தொட்டுப் பழகிவிட்டார், கொப்புளிப்பான் வந்த நினைவும் இல்லை என்றால், அன்றே குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கான எதிர்ப்பொருள் ஊசி பத்து நாளுக்குள் போட்டால்தான் பயன்.

அடுத்த தொற்றுக்கு முன்

அக்கி வந்து மாறியவருக்கு எதிர்ப்பு தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. இப்படியானவருக்குக் காய்ச்சல் இளையவருக்குப் போல் ஏறாது. நலமாக இருக்கும் ஒரு கிழமையில் மூன்று நாள் காலையில் வெப்பமானி வைத்து அவருடைய வழமையான அளவைக் கொப்பியில் எழுதுங்கள். வாயில் வைத்துப் பார்க்கும்போது 37.8 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ, வழமையைவிட 1.1 பாகை கூடினாலோ அது காய்ச்சல்தான். வெப்பம் ஏறாமலே சாப்பாடு மறுப்பது, திடீர்க் குழப்பம், காரணமின்றி விழுவது இவையும் தொற்றின் அடையாளம்.

புரதம் நிறைக்கேற்ப கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 50 கிலோவுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6, சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20, அவித்த பருப்பு 100 கிராமில் 9. சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவருக்கு இந்த அளவு பொருந்தாது, அங்கே சொன்னதே அளவு, கருவாடும் வேண்டாம். மூட்டு நோவுக்கு என்று பெயர் தெரியாத குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதை நிறுத்துங்கள். அவற்றில் பிரெட்னிசோலோன் இருந்தால் உள்ளே தூங்கும் வைரசும் காசநோய்க் கிருமியும் எழும்பும். ஆனால் வைத்தியர் மாதக்கணக்காகத் தந்துவரும் பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அக்கிக்குத் தடுப்பூசி உண்டு. 50 வயதுக்கு மேல் இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். 2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் உயிருள்ள வைரஸ் இல்லாதது, எதிர்ப்புத் தளர்ந்தவருக்கும் போடலாம். எழுபதைத் தாண்டியவர்களிலும் பரிசோதனையில் ஏறத்தாழ 90 சதவீதம் காத்தது. இலங்கையின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. கனடாவிலோ இங்கிலாந்திலோ பிள்ளைகளிடம் சில மாதம் போய் நிற்கும் அம்மா அப்பாவுக்கு அங்கே போடுவிக்கலாம். முதல் ஊசியைப் போனவுடனேயே போட்டால்தான் திரும்பி வருமுன் இரண்டாவதும் முடியும். அக்கி அண்மையில் வந்திருந்தால் புண் முழுதாக ஆறிய பிறகு போடுங்கள். கை நோவும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வரும். அதற்குப் பயந்து இரண்டாவது ஊசியை விட்டுவிடுகிறார்கள், ஒரு ஊசியின் காப்பு குறைவு.